நாய்க்கும் ஒரு கிறிஸ்துமஸ் பட்சணம்

டிசம்பர் பிறந்து, குளிர் கடுமையாகி, ஜன்னல் கண்ணாடிகளில் உறைபனி படியத் தொடங்கியதும், அமெரிக்காவின் மத்திய மேற்குப் பிரதேசத்து ஊர்களிலும் இங்கிலாந்தின் கிராமங்களிலும் வீட்டு ஓவன்களுக்கு ஓய்வென்பதே இல்லாமல் போகிறது. இஞ்சியும் இலவங்கப் பட்டையும் பாகும் கலந்த வாசனை மாடிப்படி வரை ஏறுகிறது. குழந்தைகள் நட்சத்திரமாகவும் மரமாகவும் மனித உருவமாகவும் மாவை அச்சில் வெட்டி அடுக்குகிறார்கள். பிராந்தியில் ஊறிய உலர்பழங்கள் கேக்கில் கலப்பதற்குக் காத்திருக்கின்றன. இந்தக் கோலாகலத்துக்கு நடுவே, ஓவன் கதவுக்குச் சற்றுத் தள்ளி, முன்னங்கால்களின்மேல் முகவாயை வைத்துக்கொண்டு, மூக்கின் நுனி மாத்திரம் இடைவிடாமல் துடிக்க, அந்த வீட்டு நாய் படுத்திருக்கும். பண்டிகை இன்னதென்று அது அறியாது. ஆனால் வழக்கத்துக்கு மாறான ஏதோவொரு நல்ல காரியம் நடக்கிறது என்பதை அதன் நாசி ஐயத்துக்கு இடமின்றி அதற்கு அறிவித்துவிடுகிறது.

அதற்கு என்ன கொடுப்பது என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் உண்டு. நம் தட்டிலிருந்து ஒரு துண்டைக் கிள்ளிப் போடுவது ஒன்று. பழமையானதும் எளிதானதும் அதுவே. நாய்க்கென்றே தனியாக மாவு பிசைந்து, தனியாகச் சுட்டு, அதற்கு உரியதை அதற்குக் கொடுப்பது மற்றொன்று. சென்ற முப்பது, நாற்பது ஆண்டுகளில் அந்த நாடுகளில் இது ஒரு குடும்ப வழக்கமாகவே வேரூன்றிவிட்டது. மேலெழுந்தவாரியாகப் பார்ப்பவர்களுக்கு இந்த இரண்டாவது வழி, பணமும் பொழுதும் மிகுந்தவர்களின் விளையாட்டாகத் தோன்றக்கூடும். ஆனால் சற்று நின்று ஆராய்ந்தால், கிள்ளிப் போடுவதற்குப் பிரியம் மட்டும் இருந்தால் போதும் என்பதும், தனியாகச் செய்து கொடுப்பதற்கோ எதைச் சேர்க்கலாகாது என்ற ஞானமும் கூடவே வேண்டும் என்பதும் விளங்கும். அந்த ஞானத்தின் கதையே இந்தக் கட்டுரை.

கப்பல் ரொட்டியில் பிறந்த வியாபாரம்

நாய்க்கென்று பிஸ்கட் சுட்டு விற்கலாம் என்ற எண்ணத்தை ஒரு தொழிலாக்கியவர் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்னும் அமெரிக்கர். ஓஹையோ மாகாணத்துச் சின்சினாட்டியைச் சேர்ந்த இவர், இடிதாங்கி விற்பதற்காக இங்கிலாந்துக்குப் போனவர் என்றும், அங்கே துறைமுகத்தில் மாலுமிகள் எறிந்த காய்ந்த கப்பல் ரொட்டியைத் தெருநாய்கள் சண்டையிட்டுத் தின்பதைக் கண்டவர் என்றும் கதை வழங்குகிறது. 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் கோதுமை மாவு, பீட்ரூட் முதலிய காய்கள், மாட்டிறைச்சியின் சத்து ஆகியவற்றைச் சேர்த்துச் சுட்ட கெட்டிப் பிஸ்கட்டுகளை லண்டனில் விற்கத் தொடங்கினார். வேட்டை நாய்களை வளர்த்த நாட்டுப்புறப் பிரபுக்களே அவருடைய முதல் வாடிக்கையாளர்கள். அவருடைய கம்பெனியில் இளைஞராக வேலைக்குச் சேர்ந்து, விற்பனையில் கைதேர்ந்தவராகி, 1891-இல் லண்டன் இஸ்லிங்டனில் தம் பெயராலேயே ஒரு நாய்க் கண்காட்சியைத் தொடங்கியவர்தான் சார்லஸ் கிரஃப்ட். இன்று உலகப் புகழ் பெற்று விளங்கும் ‘கிரஃப்ட்ஸ்’ கண்காட்சி, ஒரு வகையில் நாய் பிஸ்கட் வியாபாரத்தின் சந்ததியே ஆகும்.

1908-இல் நியூயார்க்கில் எஃப்.எச். பென்னட் பிஸ்கட் கம்பெனி எலும்பின் வடிவில் பிஸ்கட் சுட்டு விற்றது. பிற்காலத்தில் ‘மில்க் போன்’ என்று பிரசித்தி பெற்றதும், 1931-இல் நேஷனல் பிஸ்கட் கம்பெனியின் கைக்கு மாறியதும் இதுவே. எலும்பு வடிவத்தால் நாய்க்கு யாதொரு பிரயோஜனமும் இல்லை. காசு கொடுத்து வாங்குகிற எஜமானரின் கண்ணைக் கவர்வதற்காக ஏற்பட்ட உபாயம் அது. ஆயினும் அந்த வடிவமே நாய்ப் பட்சணத்துக்கு முத்திரையாகி, இன்று வீட்டில் சுடுகிறவர்களும் முதலில் தேடி வாங்குவது எலும்பு வடிவ அச்சைத்தான் என்ற நிலை ஏற்பட்டுவிட்டது.

நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தொழிற்சாலைகளின் வசம் இருந்த இந்தக் கலை மறுபடியும் வீட்டு அடுப்படிக்குத் திரும்பியதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது பிரியம். மிஸௌரி மாகாணத்துக் கான்ஸஸ் சிட்டியில் டான் டை, மார்க் பெக்லாஃப் என்னும் இரு நண்பர்கள், கிரேஸி என்ற தங்கள் கிரேட் டேன் நாய் கடைத் தீனியை ஏற்காமல் மெலிந்ததைப் பொறுக்கமாட்டாமல் வீட்டிலேயே அதற்குச் சமைக்கலாயினர். 1989-இல் அவர்கள் தொடங்கிய ‘த்ரீ டாக் பேக்கரி’, நாய்களுக்கென்றே கண்ணாடிப் பெட்டியில் பட்சணங்களை அடுக்கி விற்கும் கடைகளுக்கு முன்னோடியாயிற்று. இரண்டாவது காரணம் பயம். 2007-ஆம் ஆண்டு மார்ச் மாதம் வட அமெரிக்காவில் எண்ணற்ற நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் பழுதாகி மடிந்தன. புரதத்தின் அளவை மிகுத்துக் காட்டுவதற்காகச் சீனாவிலிருந்து வந்த கோதுமைப் பசையில் மெலமைன் என்னும் இரசாயனப் பொருளைக் கலந்திருந்தது பிறகு வெளிப்பட்டு, நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்களில் விற்ற தீனிகள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. அதே ஆண்டு முதல், உலர்த்திய கோழி இறைச்சித் துண்டுகளைத் தின்ற நாய்கள் நோயுற்றதாகப் புகார்கள் குவியத் தொடங்கின. 2014-க்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்துக்கு முறையீடுகள் வந்திருந்தன. உறையின்மேல் அச்சிட்ட சொல்லில் நம்பிக்கை இழந்தவர்கள், தாங்கள் வாங்கிய மாவையும் தாங்கள் உடைத்த முட்டையையுமே நம்புவதென்று தீர்மானித்ததில் வியப்பில்லை.

ஓநாய்க்கு வாய்க்காத வரம்

மாவுப் பண்டம் நாய்க்கு ஆகுமா, அது மாமிச பட்சிணி அல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. இதற்குச் சுவீடன் நாட்டு உப்ஸாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் ஆக்ஸல்ஸன் குழுவினர் 2013-இல் ‘நேச்சர்’ பத்திரிகையில் ஒரு விடை வெளியிட்டார்கள். மாவுச்சத்தைச் சிதைக்கும் அமிலேஸ் என்ற சீரண ரசத்தைச் சுரக்கச் செய்யும் மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிகளே இருக்க, நாயிடம் நான்கு முதல் முப்பது பிரதிகள் வரை இருக்கக் கண்டார்கள். மனிதன் பயிர்செய்து தானியம் தின்னத் தொடங்கிய காலத்தில், அவன் குடிசையைச் சுற்றித் திரிந்து மிச்சம் மீதியைத் தின்ற பிராணியின் வயிறும் அந்தத் தானியத்துக்கு ஏற்ப மாறிக்கொண்டது என்பது இதன் தாத்பரியம். ஆகவே கோதுமையும் ஓட்ஸும் நாய்க்கு அந்நியமான பொருள்கள் அல்ல. உழவனோடு கூடி வாழ்ந்ததற்கு அதன் உடம்பு பெற்ற உரிமைகள் அவை.

சுவை விஷயம் வேறு. மனித நாவில் ஏறத்தாழ 9,000 சுவை மொட்டுகள் இருக்க, நாயின் நாவில் உள்ளவை சுமார் 1,700 மட்டுமே. நாவில் குறைந்ததை நாசி ஈடு செய்கிறது. நம்முடைய மோப்ப உணர்விகள் ஐம்பது, அறுபது லட்சம் என்றால், நாய்க்கு அவை பல கோடிகளில் எண்ணத்தக்கவை. பட்சணத்தை ருசியாக்கச் சர்க்கரையோ வெண்ணெயோ தேவையில்லை, ஒரு கரண்டி வேகவைத்த ஈரலோ நசுக்கிய மத்தி மீனோ போதும் என்பதற்கு இதுவே காரணம். ஆனால் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு: பூனைக்கு இனிப்பே தெரியாது, நாய்க்கோ நன்றாகத் தெரியும். பண்டிகைக் காலத்து ஆபத்துகளில் பெரும்பாலானவை இந்த ஒரு சுவையின் வழியாகவே வருகின்றன.

சேர்க்கக் கூடாதவை

முதலில் சொல்ல வேண்டியது சாக்லேட். அதிலுள்ள தியோபுரோமின் என்ற பொருளை நம் உடல் விரைவாகவே வெளியேற்றிவிடும். நாயின் உடலிலோ அதில் பாதியளவு நீங்குவதற்கே பதினேழு மணிக்கு மேல் ஆகிறது. உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் ஏறினால் வாந்தியும் பேதியும், 40-ஐத் தாண்டினால் இதயப் படபடப்பும், 60-ஐ எட்டினால் வலிப்பும் காணும். கேக்குக்குப் பயன்படும் இனிப்பில்லாத கறுப்புச் சாக்லேட்டில் கிராமுக்கு 14 மில்லிகிராம் அளவுக்குத் தியோபுரோமின் இருப்பதால், 10 கிலோ எடையுள்ள நாய்க்குப் பதினைந்து கிராம் துண்டே வயிற்றைப் புரட்டிவிடும். நாற்பது, ஐம்பது கிராம் உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. நாய்க்காகச் சுடுகிறவர்கள் சாக்லேட்டின் நிறம் வேண்டுமென்றால் கரோப் என்ற மரத்துக் காயின் பொடியைச் சேர்க்கிறார்கள். பார்வைக்குச் சாக்லேட், உடம்புக்குச் சாது.

உலர்திராட்சையின் கதை இதைவிட விசித்திரமானது. கிறிஸ்துமஸ் கேக்கும் புட்டிங்கும் அது இல்லாமல் இல்லை. அதைத் தின்ற நாய்களில் சிலவற்றுக்கு ஒன்றும் ஆகாமலும், சிலவற்றுக்குக் கைப்பிடி அளவிலேயே சிறுநீரகம் செயலற்றும் போன மர்மம் மிருக வைத்தியர்களை நெடுங்காலம் திகைக்க வைத்தது. குழந்தைகள் விளையாடுவதற்காக வீட்டில் பிசைந்த ‘கிரீம் ஆஃப் டார்ட்டர்’ கலந்த மாவைத் தின்ற நாய்க்கும் அதே சிறுநீரகக் கோளாறு வந்ததைக் கவனித்த அமெரிக்க மிருகவதைத் தடுப்புச் சங்கத்து விஷ ஆலோசனை மையத்தின் மருத்துவர்கள், இரண்டுக்கும் பொதுவாயிருக்கும் டார்டாரிக் அமிலமே காரணமாயிருக்கலாம் என்று 2021-இல் எழுதினார்கள். திராட்சைக்குத் திராட்சை இந்த அமிலத்தின் அளவு மாறுபடுவதால், ஒரு நாய் தப்பியதும் மற்றொன்று மடிந்ததும் ஏன் என்பது ஓரளவு துலங்கிற்று. அவர்கள் குறிப்பிட்ட மற்றொரு பொருள் தமிழ் வாசகர்களை நிமிர்ந்து உட்காரச் செய்யும்: அது புளி. டார்டாரிக் அமிலம் மிகுந்த பொருள்களுள் புளியும் ஒன்று. சாம்பார் சாதமும் புளியோதரையும் மிஞ்சியதை வாசலில் காத்திருக்கும் பிராணிக்கு வைக்கிற கை, இதைப் படித்த பிறகு ஒரு கணம் தயங்குவது நல்லது. பாயசத்துக் கிஸ்மிஸ் விஷயத்திலோ தயக்கத்துக்கே இடமில்லை, அது அறவே கூடாது.

சைலிட்டால் என்ற மாற்றுச் சர்க்கரை எல்லாவற்றிலும் கொடியது. மனிதருக்கு இது நிரபாயமானது, நீரிழிவுக்காரர்களுக்கு உகந்ததும்கூட. நாயின் உடலிலோ கணையத்தைத் தூண்டி இன்சுலினை வெள்ளமெனப் பெருக்கி, அரைமணி, ஒருமணி நேரத்துக்குள் ரத்தச் சர்க்கரையை அதல பாதாளத்துக்குத் தள்ளிவிடுகிறது. உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு போதும். அளவு மிகுந்தால் ஈரல் கெடும். சர்க்கரையற்றவை என்று விற்கும் சில பீநட் பட்டர்களில் இது கலந்திருப்பதும், ‘பிர்ச் சர்க்கரை’ என்ற சாதுவான பெயரில் உறையில் ஒளிந்திருப்பதும் உண்டு. நாய்ப் பட்சணங்களில் பீநட் பட்டரே பிரதானமான சேர்மானம் என்பதை நினைத்தால், உறையைத் திருப்பிப் படிக்காமல் மூடியைத் திறப்பது எத்தகைய அஜாக்கிரதை என்பது புலனாகும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெங்காயமும் பூண்டும் ரத்தத்தின் சிவப்பணுக்களைச் சிதைத்துச் சோகையை உண்டாக்கும். மக்கடாமியாக் கொட்டை பின்னங்கால்களைத் தளரச் செய்யும். ஜாதிக்காய் அளவுக்கு மீறினால் மதி மயக்கும். ஈஸ்ட் போட்டுப் பொங்க வைத்த பச்சை மாவை நாய் திருடித் தின்றால், அது வயிற்றின் வெப்பத்தில் மேலும் பொங்கி, உள்ளேயே சாராயத்தையும் உற்பத்தி செய்யும். கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடுவதற்காக மாவும் உப்பும் பிசைந்து குழந்தைகள் செய்யும் பொம்மைகள் நாய்க்கு உப்பு விஷமாகிவிடும். வான்கோழியின் கொழுத்த தோல் கணைய அழற்சியையும், வெந்த எலும்பின் சிலாம்பு குடல் காயத்தையும் கொண்டுவரும். இத்தனையும் விலக்கிய பிறகு என்னதான் மிஞ்சும் என்று சலித்துக்கொள்ள வேண்டாம். மிஞ்சுவது போதுமானது மட்டுமல்ல, நல்லதும்கூட.

செய்யும் விதம்

அமெரிக்கச் சமையலறைகளில் மிகப் பரவலாக வழங்குவது பரங்கிக்காய் பிஸ்கட். 300 கிராம் முழுக் கோதுமை மாவு, இரண்டு முட்டை, வேகவைத்து மசித்த பரங்கிக்காய் 120 கிராம், உப்பும் சர்க்கரையும் சைலிட்டாலும் கலவாத பீநட் பட்டர் இரண்டு மேசைக்கரண்டி, இவ்வளவே சாமான். தகரத்தில் அடைத்த பரங்கிக்காய் வாங்குகிறவர்கள், வெறும் விழுதையே வாங்க வேண்டும். அதன் அருகிலேயே அதே நிறத்துத் தகரத்தில் இருக்கும் ‘பை’ பூரணத்தில் சர்க்கரையும் ஜாதிக்காயும் கலந்திருக்கும்.

பரங்கிக்காய், முட்டை, பீநட் பட்டர் மூன்றையும் முதலில் கட்டியில்லாமல் அடித்துக்கொண்டு, மாவைச் சிறிது சிறிதாகத் தூவிப் பிசைய வேண்டும். பரங்கிக்காயின் நீர் காய்க்குக் காய் மாறுபடுவதால், மாவு விரலில் ஒட்டினால் இன்னும் கொஞ்சம் மாவு, வெடித்தால் ஒரு கரண்டித் தண்ணீர் என்று கை சொல்வதைக் கேட்டு நடப்பதே உத்தமம். பதம் சப்பாத்தி மாவைவிடச் சற்றுக் கெட்டியாயிருக்கட்டும். கால் மணி நேரம் மூடி வைத்து, கால் அங்குலக் கனத்துக்குக் குழவியால் தேய்த்து, அச்சால் வெட்டி, 175 டிகிரி செல்சியஸ் சூட்டில் அரைமணி நேரம் சுட வேண்டும். ஓரம் லேசாகச் சிவந்ததும் ஓவனை நிறுத்திவிட்டு, கதவைத் திறவாமல் உள்ளேயே ஆறவிடுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. மிச்சச் சூட்டில் ஈரம் வற்றி, விரலால் ஒடித்தால் ‘டக்’கென்று ஒடியும் பக்குவம் வரும். பாதுகாப்புப் பொருள் எதுவும் சேராத பண்டமாதலால், உள்ளே ஈரம் தங்கினால் பூஞ்சை பிடித்துவிடும். பூஞ்சை பிடித்ததை ஈவிரக்கமின்றிக் குப்பையில் எறிய வேண்டுமே தவிர, நாய்தானே என்று போடலாகாது. மெத்தென்று இருக்கும்படி சுட்டால் குளிர்பெட்டியில் ஒரு வாரத்துக்கு மேல் வைப்பது உசிதமல்ல.

கோதுமை ஒவ்வாத நாய்களும் உண்டு. அவற்றுக்கு ஓட்ஸைப் பொடித்துச் சேர்க்கலாம். ஆனால் ஒவ்வாமையில் முதலிடம் வகிப்பது கோதுமையல்ல. மாட்டிறைச்சி, பால், கோழி ஆகியவற்றுக்குப் பிறகே அதன் முறை வருகிறது. பனி படிந்ததுபோல் மேற்பூச்சு வேண்டுமென்று குழந்தைகள் பிடிவாதம் பிடித்தால், சர்க்கரைப் பாகுக்குப் பதிலாகக் கெட்டித் தயிரைத் தடவி உலரவிடுகிறார்கள்.

பிரியத்துக்கும் ஓர் அளவு

செய்முறையைக் காட்டிலும் சிரமமானது அளவு. நாள் முழுவதற்குமான உணவுச் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பட்சணங்களால் வரக்கூடாது என்பது மிருக வைத்தியர்களின் பொதுவான விதி. 10 கிலோ எடையுள்ள, வளர்ந்த, சாதாரணமாக ஓடியாடும் நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 630 கலோரி தேவை என்று கணக்கிட்டால், பட்சணத்துக்கு உரியது 63 கலோரி. மேலே சொன்ன மாவு முழுவதிலும் ஏறத்தாழ 1,400 கலோரி அடங்கியிருக்கிறது. அதை அறுபது துண்டுகளாக வெட்டினால் ஒரு துண்டுக்கு 23 கலோரி. ஆக, அந்த நாய்க்குப் பண்டிகை நாளிலும் இரண்டு துண்டே சரியான பங்கு. மூன்றாவது துண்டு வரம்பைத் தொட்டுத் தாண்டிவிடும். 4 கிலோ எடையுள்ள சிறு நாய்க்கு ஒன்றே போதும். தாத்தா ஒன்று, பேரன் ஒன்று, விருந்தாளி ஒன்று என்று ஆளுக்கொன்றாகப் போடும் பண்டிகை வீட்டில் இந்தக் கணக்கு தப்புவது சகஜம். விவேகமுள்ளவர்கள் காலையிலேயே அன்றைய பங்கை ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்து, கொடுக்க விரும்புகிறவர் எல்லாரும் அதிலிருந்தே கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்துவிடுகிறார்கள். நாய்க்கு அளவில் சிரத்தையில்லை, கொடுக்கும் தடவையில்தான் சிரத்தை. ஒரு பிஸ்கட்டை நாலாக ஒடித்து நாலு முறை கொடுத்தால் அதற்கு நாலு பண்டிகை.

மீந்தவற்றை ரிப்பன் கட்டிய சிறு பைகளில் போட்டு அயல்வீட்டு நாய்களுக்குப் பரிசளிப்பதும், அநாதை நாய்களைப் பேணும் விடுதிகளுக்கு அனுப்புவதும் அந்நாடுகளில் பழக்கமாகியிருக்கின்றன. பையின்மேல் சேர்மானங்கள் அனைத்தையும் எழுதி ஒட்டுவது அங்கே மரியாதையின் ஒரு பகுதி. வாங்குகிறவரின் நாய்க்கு எது ஒவ்வாது என்பது கொடுக்கிறவருக்குத் தெரியாதல்லவா? விடுதிகள் டிசம்பரை ஓரளவு கலக்கத்தோடு எதிர்நோக்குவதற்கு வேறொரு காரணமும் உண்டு. நாய் என்பது ஆயுள் முழுவதற்குமான உறவே ஒழியக் கிறிஸ்துமஸுக்கு மட்டும் ஆனதல்ல என்ற கருத்துள்ள புகழ்பெற்ற வாசகத்தைப் பிரிட்டனின் தேசிய நாய்கள் பாதுகாப்புச் சங்கத்துக்காக 1978-இல் கிளாரிஸா பால்ட்வின் உருவாக்கினார். குட்டியைப் பரிசாகக் கொடுத்துவிட்டு, புத்தாண்டு கழிந்ததும் தெருவில் விடுகிற மனிதச் சுபாவத்தின்மேல் அது வைத்த கண்டனம் இன்றும் பழையதாகிவிடவில்லை.

விருந்தாளியை அறிதல்

நாய்க்குப் பண்டிகை கொண்டாடுவது மேல்நாட்டார் மட்டும் கண்ட புதுமை என்று எண்ணிவிட வேண்டாம். நாம் தீபாவளி கொண்டாடும் அதே நரக சதுர்த்தசித் திதியில் நேபாளத்து மக்கள் ‘குகுர் திகார்’ என்ற நாய்த் திருநாளைக் கொண்டாடுகிறார்கள். பைரவரின் வாகனமாகவும் யமனின் தூதனாகவும் கருதப்படும் நாயின் நெற்றியில் திலகமிட்டு, சாமந்தி மாலை சூட்டி, நல்லுணவு படைத்து வணங்குகிறார்கள். வீட்டு நாய், தெருநாய், காவல்துறை நாய் என்ற பேதம் அன்று இல்லை. அங்கே நாய் தெய்வத்தின் பரிவாரம். கான்ஸஸ் சிட்டியில் அது குடும்பத்தின் கடைக்குட்டி. பாவனைகள் வெவ்வேறாயினும், ஆண்டு முழுவதும் வாசலில் கிடந்து காத்த பிராணியை ஒரு நாளாவது நடுவீட்டுக்கு அழைத்து உபசரிக்க வேண்டும் என்ற உணர்ச்சி இரண்டுக்கும் பொதுவானது.

அந்த உபசாரத்தை ஆசார அளவோடு நிறுத்தாமல், உண்பவனின் உடம்பை அறிந்து செய்யும் உபசாரமாக உயர்த்தியதுதான், தனியாகச் சுடும் இந்த வழக்கத்தால் விளைந்த லாபம். நமக்குப் பிடித்ததை மற்றவர் வாயில் ஊட்டி, அவர் முகமலர்ச்சியில் நம் தாராளத்தைக் கண்டு மகிழ்வது உபசாரத்தின் குழந்தைப் பருவம். எதிரில் இருப்பவருக்கு எது ஆகும், எது ஆகாது, எவ்வளவு ஆகும் என்று விசாரித்து அறிந்து படைப்பதே அதன் முதிர்ச்சி. மனித விருந்தாளியாயிருந்தால், தமக்கு நீரிழிவென்றோ ரத்தக் கொதிப்பென்றோ அவரே சொல்லி மறுத்துவிடுவார். நாய்க்கு மறுக்கத் தெரியாது. கொடுத்த கையை நம்பி, கொடுத்ததையெல்லாம் தின்றுவிடும். தன் நன்மையைத் தானே காத்துக்கொள்ள இயலாத விருந்தாளியின் சார்பில் உறையைத் திருப்பிப் படிக்கிறவரும், சர்க்கரை டப்பாவை எடுத்த கையால் திரும்ப வைக்கிறவரும், மூன்றாவது துண்டை மறுக்கிறவரும் அந்த நம்பிக்கைக்குத் தகுதி பெறுகிறார்கள். பண்டிகை தோறும் மனிதர் ஒருவருக்கொருவர் படைக்கும் விருந்துகளிலும் இவ்வளவு கவனம் இருந்துவிட்டால், பண்டிகைக்கு மறுநாள் வைத்தியர் வாசலில் நிற்கும் கூட்டம் நிச்சயமாகக் குறையும்.